பரண் போட ஓர் இடம்

ஆகஸ்ட் 2, சனி

அமெரிக்காவின் விஸ்கான்சினில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் நவம்பர் கடைசியில் ஒன்பது நாள்தான். எனக்கு அது இன்றைக்கே தொடங்கிவிட்டது. மேடிசனிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் ஓட்டி, டாட்ஜ்வில் பக்கம் இருக்கும் பெரியவரின் பண்ணைக்குப் போனேன். முழங்கால் போன பிறகு அவர் ஏணி ஏறுவதில்லை. "என் காட்டில் நீ உட்கார். எனக்கு ஒரு தொடை கொண்டுவந்து கொடு, போதும்" என்று போன குளிர்காலத்திலேயே சொல்லிவிட்டார்.

பனியுகத்துப் பனிப்பாறைகள் தொடாமல் விட்ட நிலம் இது. சுற்றியுள்ள பகுதிகளைப் போல வழித்துத் தட்டையாக்கப்படாமல் மேடும் பள்ளமுமாக மடிந்து கிடக்கிறது. மேட்டில் சோளமும் சோயாவும், சரிவில் ஓக் மரக்காடு, அடியில் ஓடை.

பொழுது சாயும்போது சோயா வயலுக்கு நான்கு ஆண்மான்கள் வந்தன. வளரும் கொம்பை மூடியிருக்கும் வெல்வெட் தோல் இன்னும் உரியவில்லை. ஒன்றுக்கு வலக்கொம்பிலிருந்து ஒரு கிளை கீழ்நோக்கி வளைந்திருந்தது. இனி எங்கே பார்த்தாலும் அதை அடையாளம் தெரியும்.

மான் வந்தால் தானாகப் படம் பிடிக்கும் இரண்டு கேமரா கட்டினேன். ஒன்று வயல் மூலையில், இன்னொன்று ஓடைக்கு மேலே ஒரு வெள்ளை ஓக் அடியில்.

ஆகஸ்ட் 30, சனி

வயல் மூலைக் கேமராவில் 1,843 படங்கள். அத்தனையும் ஆடும் புல். உடல் சூடு நகர்வதைத்தான் சென்சார் பிடிக்கிறது. வெயிலில் காய்ந்த புல் காற்றில் அசைந்தாலும் அதற்கு ஒன்றுதான். கட்டும்போது அரிவாளால் நான்கு வீச்சு வீசியிருந்தால் ஒரு மாதம் வீணாகியிருக்காது. இந்த முறை புல்லை அறுத்து, லென்ஸை வடக்கே திருப்பினேன். கிழக்கு மேற்காக வைத்தால் காலையோ மாலையோ சூரியன் நேரே விழுந்து படம் வெளுத்துவிடும். தடத்துக்குக் குறுக்காக இல்லாமல் சாய்வாகப் பார்க்கும்படி வைத்தேன். அப்போதுதான் நடந்துபோகும் மான் படத்தின் எல்லைக்குள் கொஞ்ச நேரமாவது இருக்கும்.

செப்டம்பர் 20, சனி

வெல்வெட் உரிந்து கொம்பு எலும்பாகிவிட்டது. வயலோரத்தில் மணிக்கட்டுப் பருமனுள்ள இரண்டு மரங்களில் பட்டை கிழிந்து உள்மரம் பளிச்சென்று தெரிகிறது, கொம்பு உரசிய அடையாளம். ஆகஸ்டில் ஒன்றாகத் திரிந்த நான்கும் பிரிந்துவிட்டன. கோடையில் வயலில் பார்த்த மான் நவம்பரில் அதே வயலுக்கு வரும் என்று நம்பிப் பரண் போடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

வெள்ளை ஓக்கில் கொட்டை உதிர ஆரம்பித்திருக்கிறது. சிவப்பு ஓக்கைவிடத் துவர்ப்பு குறைவு என்பதால் மான் முதலில் இங்கேதான் வரும். மரத்தடி முழுக்கப் புழுக்கை. வளைந்த கொம்பன் 11 படங்களில் இருக்கிறான்.

அக்டோபர் 11, சனி

மூன்று வாரமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மெமரி கார்டை எடுக்கப் போனேன். படங்களைப் பார்க்கும் ஆசை. முதல் வாரம் வளைந்த கொம்பன் மாலை வெளிச்சத்தில் வந்தான். இரண்டாம் வாரம் இரவு ஒன்பதுக்கு மேல். இந்த வாரம் அவனே இல்லை. நான்தான் விரட்டியிருக்கிறேன். என் காலடியும் வியர்வையும் அந்த மரத்தடியில் தங்கி, நான் போன பிறகும் அவனிடம் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கின்றன. இனி மழை பெய்யும் நாளில்தான் கார்டு எடுப்பேன், அதுவும் ரப்பர் பூட்ஸ் போட்டு.

அக்டோபர் 18, சனி

இன்று கேமராவைத் தொடவே இல்லை. காற்றை மட்டும் பார்த்தேன்.

இங்கே வேலியோரம் மில்க்வீட் என்றொரு செடி. நம் எருக்குக்குச் சொந்தக்காரச் செடிதான்; உடைத்தால் அதே பால், காய் வெடித்தால் அதே பஞ்சு. ஒரு காயைப் பையில் போட்டுக்கொண்டு, பரணுக்கு நினைத்திருந்த ஒவ்வொரு இடத்திலும் நின்று ஒவ்வொரு இழையாகப் பறக்கவிட்டேன். வெள்ளை ஓக்கில் காலை பத்து மணிக்குப் பஞ்சு சரிவில் மேலேறி வயல் பக்கம் போனது. மாலை ஐந்துக்கு அதே மரத்திலிருந்து விட்ட பஞ்சு கீழே இறங்கி, ஓடைப் புதருக்குள் போய் விழுந்தது. மான்கள் பகலில் படுத்திருப்பது அந்தப் புதரில்தான். வெயில் ஏறினால் காற்று மேட்டுக்கு, நிலம் குளிர்ந்தால் பள்ளத்துக்கு. தாத்தா கடலைக்காட்டில் பன்றிக்குக் காவல் இருந்த பரணைக் காற்று பார்த்துத்தான் போடுவார் என்று அப்பா சொல்வார். அதை இத்தனை வருடம் நான் வெறும் கதையாகக் கேட்டிருக்கிறேன்.

ஆக, நல்ல படங்கள் வந்த ஓக் எனக்கு உதவாது. மனம் வரவில்லைதான். ஆனால் இரண்டு மேடுகள் சேரும் இடத்தில் சிறிய கணவாய் மாதிரி ஒரு தாழ்வு இருக்கிறது. இந்தப் பக்கத்து மான் அந்தப் பக்கம் போக அதைத்தான் எடுக்கிறது. தடம் ஓரடி அகலத்துக்குத் தேய்ந்திருக்கிறது. வாடைக்காற்று அடித்தால் என் வாசனை யாரும் படுக்காத சோளக்கட்டைக்குப் போய்விடும். நானும் மான் படுக்கையைக் கடக்காமல் வேலியோரமாகவே வந்து ஏறலாம்.

அக்டோபர் 25, சனி

நண்பரோடு போய் 15 அடி ஏணிப் பரணைக் கணவாயில் நிறுத்தி, ஒரு கேமராவையும் அங்கே கட்டினோம். ஒருவர் தனியாகச் செய்யக் கூடாத வேலை. ஏறும் முதல் படியிலிருந்தே உடம்பில் பாதுகாப்புப் பட்டை, அதை மாட்ட மரத்தில் கயிறு. குண்டு எடுத்த துப்பாக்கியைத் தனிக் கயிற்றில்தான் மேலே இழுக்க வேண்டும். 1973 முதல் பிறந்தவர்கள் பொதுவாகப் பயிற்சி முடித்தால்தான் இங்கே வேட்டை உரிமம் வாங்க முடியும். அந்த வகுப்பில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள்.

சோளத்தைக் கொட்டி வைத்தால் என்ன என்று நண்பர் கேட்டார். இந்தக் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், மானுக்குத் தீனி வைப்பது தடை. மான்கள் ஒரே இடத்தில் வாய் வைத்தால், அவற்றை மெலியவைத்துக் கொல்லும் இளைப்பு நோய் (CWD) பரவும். 2002இல் விஸ்கான்சினில் அந்த நோய் முதலில் தெரியவந்ததே இந்தப் பக்கத்து மான்களில்தான்.

நவம்பர் 8, சனி

நல்ல மழை. கார்டு எடுத்தேன். கணவாயில் வளைந்த கொம்பன், நேற்று காலை 7:10. குதித்தேன். அப்புறம்தான் உறைத்தது: 7:10க்கு விடிந்துவிடும், படமோ இன்ஃப்ராரெட் கறுப்பு வெள்ளை. இங்கே கோடைக்கால நேரம் முடிந்து, நவம்பர் 2ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தோம். கேமராவுக்கு அது தெரியாது. உண்மை நேரம் 6:10, இருட்டு. ஆனாலும் இணைசேரும் பருவத்தில் பெட்டையின் பின்னால் அவன் இந்த வழியில்தான் போகிறான்.

நேரத்தைத் திருத்தினேன். குளிரில் சாதா பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், லித்தியம் போட்டேன். இனி சீசன் வரை அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

நாளைக்கு வடமேற்குக் காற்று என்கிறார்கள். ஆரஞ்சுக் கோட்டும் தொப்பியும் காருக்குள் வைத்தாகிவிட்டது. தென்காற்றாக இருந்திருந்தால் பரணை விட்டு மேட்டில் தரையில் உட்கார்ந்திருப்பேன்.

நவம்பர் 22, சனி

ஐந்தேகாலுக்கு ஏறினேன். விடிந்ததும் ஒரு பஞ்சிழையை விட்டேன். நேரே சோளக்கட்டைக்குப் போனது. 8:20க்கு இரண்டு பெட்டைகள் தடத்தில் வந்தன. ஒன்று நின்று மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, மறுபடி நடந்தது. 40 கஜம். ஒரே குண்டு, பெரியதுக்கு. ஐம்பது அடி ஓடி விழுந்தது. இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் அதன் கழுத்தில் கை வைத்திருந்தேன்.

மதியத்துக்குள் பதிவு செய்து, தலையை இளைப்பு நோய்ச் சோதனைப் பெட்டியில் வைத்துவிட்டேன். முடிவு வர இரண்டு வாரம் ஆகலாம். அதுவரை பெரியவரின் தொடை அவர் பெயர் எழுதி என் ஃப்ரீசரில் இருக்கும். சரி என்றார். வளைந்த கொம்பனைப் பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். சீசன் முடிந்ததும் கணவாய்க் கார்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். சேர்ந்து பார்க்கலாம் என்றிருக்கிறார்.