அந்தியில் பறக்கும் தாவிகள்

ஜூன் 9, கல்லாறு

மழை விட்ட நேரத்தில் புங்க மரத்துத் தளிர்களைப் புரட்டிப் பார்த்தேன். தாவிகள் (ஸ்கிப்பர் வண்ணத்துப்பூச்சிகள்) வகையைச் சேர்ந்த ஹசோரா குரோமஸின் புழுக்கள் இலைகளை நூலால் ஒட்டி உள்ளே ஒளிந்திருந்தன. வளர்ந்த பூச்சி ஒன்று இலையின் அடியில் இறகை மூடி உட்கார்ந்திருந்தது. பின்னிறகின் குறுக்கே வெள்ளைப் பட்டை, உணர்கொம்பின் நுனியில் தாவிகளுக்கே உரிய கொக்கி. இந்தியா, இலங்கை தொடங்கி ஆஸ்திரேலியா, ஃபிஜி வரை இந்த இனம் உண்டு. புங்கமும் அதுவரை வளர்கிறது.

ஜூன் 10

ஹசோரா குரோமஸ் சேர்ந்திருக்கும் துணைக்குடும்பம் சீலியாடினே. 1937-இல் பூச்சி ஆய்வாளர் எவன்ஸ் வைத்த பெயர். பெரிய கண்கள், முகத்துக்கு முன்னால் நீளும் பால்பு (palp) என்ற உணர் உறுப்பின் கடைசிக் கணு ரோமமில்லாமல், குத்தூசி போல மெலிந்து நேராக இருக்கும். அதைப் பார்த்தாலே கூட்டம் தெரிந்துவிடும். இதன் பேரினங்களில் ஆப்பிரிக்காவில் சீலியாடெஸ், ஆசியாவில் ஹசோரா, சோவாஸ்பெஸ் (இது ஜப்பான் வரை போகிறது). தாவிகள் மிக அதிகமாக இருப்பது அமெரிக்க வெப்பமண்டலத்தில்தான். ஆனால் அங்கே இந்தத் துணைக்குடும்பத்தில் ஒன்றுகூடக் கிடையாது. மரபணு ஆய்வுகளின்படி மற்றத் தாவிகளிடமிருந்து முதலில் பிரிந்த கிளை இதுதான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

ஜூன் 14

இருட்டத் தொடங்கிய பிறகும் ஓடைக்கரையில் நின்றேன். குருக்கத்திக் கொடியைச் சுற்றி ஆரஞ்சு நிறம் சர்ரென்று போனது: இதே துணைக்குடும்பத்துத் தாவியான புராரா ஜைனா. இதன் புழு தின்பது அந்தக் கொடியைத்தான்.

இதை நெடுங்காலம் பிபாசிஸ் பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2003-இல் ஆய்வாளர்கள் வேன்-ரைட்டும் டி யோங்கும் பகலில் பறக்கும் மூன்று இனங்களை மட்டும் பிபாசிஸில் விட்டு, அந்தியில் பறப்பவற்றைப் புராராவுக்கு மாற்றினார்கள். நம் காட்டு பிபாசிஸ் சேனா பகல்காரர், அதனால் பழைய பெயரிலேயே இருக்கிறார். குண்டூசியில் குத்தி வைத்த பூச்சியிடம் பறந்த நேரத்தைக் கேட்க முடியாது. படம் எடுப்பவர்கள் இடத்தோடு மணியையும் தயவுசெய்து எழுதி வையுங்கள்.

ஜூன் 21

மழை வலுத்துவிட்டது. தான்றி மரத்தில் இன்னொரு தாவியான பதாமியா எக்ஸ்கிளமேஷனிஸின் புழுக்கள், இளந்தளிர் முழுக்க. வளர்ந்ததும் வெகுதூரம் வலசை போகும் இனம் இது, ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். அடுத்த வாரம் மறுபடி போய் மரத்தைப் பார்க்க வேண்டும்.