பௌதிகவியலில் இருந்து நிலத்தடி நீரியலுக்கு

வவுனியாவில் பௌதிகவியல் படித்து முடித்த நான் நிலத்தடி நீரியலுக்கு மாற விரும்புவதால், பல்கலைக்கழகத்தின் பெயரைவிடப் பட்டத்தின் மட்டத்தையே முதலில் பார்க்கிறேன். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9ஆம் மட்ட முதுமாணி 30 திறமைப்புள்ளிகளோடு பாடநெறியாக முடிந்துவிடும். 10ஆம் மட்டத்துக்கு 60 புள்ளிகளும் ஆய்வும் வேண்டும். 11ஆம் மட்டமான முதுதத்துவமாணி முழுக்க ஆய்வு.

"நேரே ஆய்வுக்குப் போங்கோ தம்பி, உதவித்தொகையும் கிடைக்கும்" என்கிறார்கள் பலர். துறை மாறாதவருக்கு அது சரியான புத்திமதிதான். ஆனால் வவுனியாவின் கடினப்பாறையில் நீர் வெடிப்புகளிலும் உக்கிய படையிலுமே நிற்பதால், ஒரே வளவில் ஒரு குழாய்க்கிணறு தாராளமாக இறைக்க, சற்றுத் தள்ளித் துளைத்தது வறண்டு கிடப்பதுண்டு. நிலத்துக்குள் மின்னோட்டம் செலுத்தி அடியில் இருப்பதை ஊகிக்கும் மின்தடை அளவீட்டின் கணிதம் எனக்குப் பழக்கமானதே. எனினும் வளைகோட்டில் தடை தாழும் இடம் உக்கிய பாறையா, களியா, உவர்நீரா என்பதைக் கணிதம் மட்டும் சொல்லாது, அதற்குப் புவிச்சரிதவியல் வேண்டும்.

ஆகவே பாடமும் களப்பயிற்சியும் ஆய்வும் சேர்ந்த 10ஆம் மட்டத்தையே தெரிவு செய்யும் எண்ணத்தில் இருக்கிறேன், வகுப்புக்குப் போய்வரக் கண்டி வீதியில் எத்தனை வார இறுதிகள் பஸ்ஸில் கழிந்தாலும் சரி. வீட்டுக்கு அண்மையில் படிப்பது செலவைக் குறைக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அடிப்படை தெரியாமல் ஆய்வில் இறங்கினால், முதல் வருடம் இளமாணிப் பாடங்களைத் தனியே படிப்பதிலேயே போய்விடும். இந்தப் பாதையில் போன அண்ணாமார், அக்காமார் இருந்தால், மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே என்ன கேட்க வேண்டும் என்று எழுதுங்கள்.