ரைஃபிளில் பிளாஸ்டிக் எத்தனை காலம் தாங்கும்? மொட்டைமாடியில் செய்து பார்த்தது

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு ராணுவ ரைஃபிளின் பாலிமர் பாகங்களைக் கையில் வாங்கிச் சோதிக்க முடியாது. என்னிடம் இருப்பது 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்று, கறுப்பு பிளாஸ்டிக் ஸ்டாக் (தோளில் ஊன்றும் கட்டை) போட்டது. ஆனால் அந்தப் பொருள் கிடைக்கும். நவீன ரைஃபிள்களில் பெரும்பாலும் போடுவது கண்ணாடி இழை கலந்த நைலான். டிரில் மெஷின், கட்டிங் மெஷின் பாடிகளும் அதே குடும்பம்தான். உடைந்த பாடியைத் திருப்பிப் பார்த்தால் உட்பக்கம் பி.ஏ.6-ஜி.எஃப்.30 என்று எழுத்து இருக்கும். நைலான் 6, அதில் 30 சதவீதம் கண்ணாடி இழை என்று அர்த்தம். கஞ்சிக்கோட்டில் ஒரு ரிப்பேர் கடையில் பழைய பாடிகளைச் சாக்கில் அள்ளி வந்தேன். "ஏனுங்க, இதையக் காயப் போட்டு வடகமா பண்ணப் போறீங்க?" என்றார் கடைக்காரர். கிட்டத்தட்ட அதுதான்.

மரம்தான் நிற்கும், பிளாஸ்டிக் பத்து வருஷத்தில் பொடியாகும் என்பது என்னோடு சுடுகிற பெரியவர்களின் கட்சி. ரெமிங்டன் கம்பெனி 1959-லேயே நைலான் 66 என்ற .22 ரைஃபிளை விற்க ஆரம்பித்தது. டூபாண்ட்டின் ஸைட்டெல் நைலானில் வார்த்த ஸ்டாக். குண்டை உள்ளே தள்ள முன்னும் பின்னும் நகரும் போல்ட்டும் அந்த நைலான் மேலேயே வழுக்கி ஓடும். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது, இன்றும் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1970-களின் கடைசியில் ஆஸ்திரியா ராணுவம் எடுத்துக்கொண்ட ஸ்டெயர் ஏ.யூ.ஜி.யில் டிரிக்கர் பெட்டிக்குள் இருந்து, சுடும்போது ஓங்கி அடிக்கும் ஹேமர்கூட பிளாஸ்டிக்தான். ஆகவே "தாங்குமா" என்று கேட்பதில் பயனில்லை. எங்கே முதலில் விட்டுக்கொடுக்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் வெயில். மார்ச், ஏப்ரலில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும் ஊர், அதனால் தனியாக அடுப்பு வேண்டாம். லேத் பட்டறையில் கிடைத்த வெள்ளை நைலான் ராடு மஞ்சளித்து, மேலே மாவு படிந்த மாதிரி ஆனது. கறுப்புத் துண்டுகள் சாம்பல் பூத்து, நகத்தால் சுரண்டினால் கண்ணாடி இழை கையில் குத்தியது. அறுத்துப் பார்த்தேன். கேடு மேல்தோலோடு சரி, உள்ளே புதுசு மாதிரி கறுப்பு. கலந்திருக்கும் கார்பன் கரி புற ஊதாக் கதிரை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுகிறது. துப்பாக்கி பிளாஸ்டிக் பெரும்பாலும் கறுப்பாக இருப்பது பார்வைக்காக மட்டும் இல்லை.

தண்ணீர்ச் சோதனைதான் சுவாரசியம். நைலான் தண்ணீர் குடிக்கும். கலப்பில்லாத நைலான் 6 முழுக்க ஊறினால் தன் எடையில் சுமார் 9 சதவீதம் வரை ஏற்றும். கண்ணாடி இழை கலந்தால் அது குறையும். நகைத் தராசில் போட்டபோது வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. முன்பு சுலபமாக ஓட்டைக்குள் போன ராடு ஊறிய பிறகு வாயிலேயே நின்றுவிட்டது. அப்புறம் சுத்தியல். ஓவனில் மெதுவாக உலர்த்திய துண்டு அடித்ததும் சடக்கென்று இரண்டாகியது, ஊறியது நெளிந்து தப்பித்தது. ஈரம் நைலானுக்கு எதிரி என்று நினைத்திருந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். நம் ஜனவரி மாதக் கணவாய்க் காற்று சருமத்தையே வெடிக்க வைக்கும். ஆனி மழையைவிட அந்தக் காற்றுதான் நைலானுக்குச் சிரமம் என்பது என் கணிப்பு. கடுங்குளிர் வேறு கணக்கு. 1999 கார்கில் சமயத்தில் நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளின் பிளாஸ்டிக் மேகசின்கள் (குண்டு நிரப்பும் பெட்டிகள்) விரிசல் விட்டதாகச் செய்திகள் வந்தன. அதைச் சோதிக்க இங்கே மலம்புழா காற்றுதான் உண்டு.

சரி, பளு. ஒரு பட்டையின் ஒரு முனையைப் பிடிமானத்தில் இறுக்கி, மறுமுனையில் செங்கல்லைத் தொங்கவிட்டு, கோடை முழுக்க மாடி நிழலில் விட்டேன். உடையவில்லை. ஆனால் செங்கல்லை எடுத்த பிறகும் பட்டை நேராகவில்லை. தொடர்ந்து அழுத்தினால் பிளாஸ்டிக் மெல்ல இடம் கொடுக்கும், திரும்பி வராது. குண்டு நிரப்பி வருஷக்கணக்கில் வைக்கிற மேகசினில், ஸ்பிரிங் மேல்நோக்கித் தள்ளும் குண்டுகளைத் தடுத்துப் பிடிக்கும் வாய் விளிம்புகளுக்கு, அதாவது உதடுகளுக்கு, இதே கதிதான். மேக்புல் கம்பெனி தன் பிமேக் மேகசினோடு ஒரு மூடி தருகிறது. அது மேல் குண்டை லேசாக அழுத்தி, உதட்டின் மேல் விழும் பளுவைத் தான் வாங்கிக்கொள்கிறது.

இதற்கெல்லாம் மேலாக என்னை உட்கார வைத்தது என் ஏர் ரைஃபிளின் முன் ஸ்க்ரூ. எவ்வளவு முடுக்கினாலும் சுடச்சுடத் தளரும், குறி நகரும். குறடோ திரெட்டோ காரணம் இல்லை. ஸ்க்ரூ தலைக்கு அடியில் பிளாஸ்டிக் நசுங்கி, செங்கல் பட்டை மாதிரியே இடம் கொடுத்திருந்தது. உலோகமும் பிளாஸ்டிக்கும் சேரும் இடம்தான் எப்போதும் தகராறு. ஜெர்மனியின் ஜி36 வழக்கும் இந்தச் சேர்மானத்தைச் சுற்றியதுதான். 1997-இல் படைக்கு வந்த ரைஃபிள். பேரலைப் பிடிக்கும் உலோகத் துண்டு பாலிமர் உடலுக்குள் பதிந்திருக்கும். சூடேறினால் குறி விலகுகிறது என்று சொல்லி, இப்போதைய வடிவில் இதற்கு எதிர்காலம் இல்லை என்று 2015-இல் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். ஒப்பந்தத்தில் கேட்டபடிதான் துப்பாக்கி இருந்தது என்று 2016-இல் கோப்ளென்ஸ் நீதிமன்றம் அதைத் தயாரித்த ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

என் வேலை சின்னது. ஸ்டாக்கின் தடிமனுக்குச் சரியாக அலுமினியக் குழாயை அறுத்து, ஸ்க்ரூ ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, எபாக்ஸி தடவி இறக்கினேன். இப்போது ஸ்க்ரூவின் பளு குழாய்க்குப் போகிறது, பிளாஸ்டிக்குக்கு இல்லை. அதற்குப் பிறகு முடுக்க வேண்டி வரவில்லை. நைலான் நன்றாக இருக்க, பின்பக்க ரப்பர் பேட் மட்டும் பிசுபிசுத்துப் போனது. மச்சான் கோயம்புத்தூரிலிருந்து வேறு வாங்கி வருகிறேன் என்றிருக்கிறார். அடுத்து டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த ஸ்பிரே. பாலிகார்பனேட் கண்ணாடியை அது மங்கடித்ததைப் பார்த்துவிட்டேன், இனி நைலான் துண்டுகள் மேல் அடித்துப் பார்க்க வேண்டும்.