ஸ்பிளெண்டர் பிளக்கும் அரைச் சுற்றுக் கணக்கும்

மூன்றாவது முயற்சியில், நேற்று சாயங்காலம்தான் என் ஸ்பிளெண்டர் பைக்கில் புது ஸ்பார்க் பிளக் ஒழுங்காக உட்கார்ந்தது. இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் எல்லாம் கிடையாது. வண்டியோடு வந்த குழாய் ஸ்பேனர், அதில் குறுக்கே செருகுகிற கம்பி, அவ்வளவுதான்.

முதல் தடவை மாட்டி நாற்பது கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் 'சிஸ் சிஸ்' என்று காற்று கசிகிற சத்தம், பிளக்கைச் சுற்றிக் கருப்புப் பிசுக்கு. கழற்றினால், இறுக்கும்போது நசுங்கிக் கசிவை அடைக்க வேண்டிய பிளக் வளையம், அதாவது வாஷர், நசுங்கவே இல்லை, டப்பாவிலிருந்து எடுத்த அன்று இருந்த மாதிரியே உப்பலாக இருக்கிறது! புது பிளக் என்றால் கையால் திருகி நின்றதும் ஸ்பேனரால் அரைச் சுற்று என்பதுதான் கணக்கு, இதைத்தானே செய்தேன் என்று குழம்பிப் போனேன். தப்பு அந்த 'நின்றதும்' என்பதில்தான். இன்ஜின் ஹெட்டில் பிளக் இறங்குகிற துளையின் மரையில் பல வருஷத்துக் கரி. பிளக் ஒரு சுற்று முன்னாலேயே இறுகி நின்றுவிட, அதையே அடி என்று நம்பி அங்கிருந்து அரைச் சுற்று எண்ணியிருக்கிறேன்.

பழைய டூத் பிரஷ்ஷில் கிரீஸ் தடவி மரையைச் சுத்தம் செய்தேன், கரி உள்ளே விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது முயற்சியில் பிளக் கோணலாக ஏறி இரண்டாம் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. நல்லவேளை, கம்பியைப் போடவில்லை. அலுமினிய ஹெட்டில் மரை கழன்றால் லேத் பட்டறைக்காரர் புஷ் அடித்துத் தருவார், வீட்டில் நம்மை மரை கழன்ற கேஸ் என்பார்கள்.

மூன்றாவது முறை ஒரு ஜாண் பெட்ரோல் டியூபை பிளக் தலையில் செருகி, அதைப் பிடித்துத் திருகினேன். முதலில் இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும், 'டக்' என்று மரை விழுந்ததும் வலப்பக்கம். கோணலாகப் போனால் டியூப் வழுக்கிவிடும், பலவந்தம் செய்யவே முடியாது. இந்த பிளக்கின் மரை நீளம் அரை அங்குலம், சுற்றுக்கு 1 மி.மீ. இறங்குகிறது, ஆக பன்னிரண்டு சுற்று வர வேண்டும். எண்ணினேன், பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைச்சலாக நின்றது. இதுதான் நிஜமான அடி.

அப்புறம் கம்பியின் ஒரு முனையில் மார்க்கரால் புள்ளி வைத்தேன். கடிகாரத்தில் பன்னிரண்டில் இருக்கிற முள் ஆறுக்குப் போவது போல அரைச் சுற்று. வாஷர் நசுங்கும்போது முறுக்கு அச்சில் மாவு இறங்குகிற மாதிரி மெத்தென்று ஒரு எதிர்ப்பு கையில் தெரிகிறது, கடைசியில் அது கெட்டியாகிறது, அங்கே நிறுத்திவிட்டேன். இன்னொரு இழுப்பு இழுக்கக் கை அரிக்கத்தான் செய்யும். இது 10 மி.மீ. மரை, இதற்குச் சொல்லப்பட்ட இறுக்கம் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். இதில் மரைக்கு கிரீஸ் பூசினால் சுலபமாக இறங்குமே என்று யோசிக்க வேண்டாம், வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகிவிடும். சுத்தம் செய்த கிரீஸையும் துணியால் துடைத்துவிட்டுத்தான் மாட்டினேன்.

வாங்குவதைப் பற்றியும் ஒன்று. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தந்த முதல் பிளக்கில் வாஷர் தொட்டதுமே கழன்று கையில் வந்தது, போலியாக இருக்குமோ என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்குப் போனேன். பிளக் முனையில் பொறி தாவுகிற இடைவெளியை, அதாவது கேப்பை, வைக்க ஆக்ஸா பிளேடை இடையில் விட்டுப் பார்க்கிற நம்மூர் வழக்கம் 0.6 மி.மீ. சொச்சத்துக்குச் சரி. என்ஜிகே கம்பெனி பிளக்கின் நம்பர் கடைசியில் '-9' இருந்தால் 0.9 மி.மீ., அதற்கு இடைவெளி அளக்கிற தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் வேண்டும். அதை வாங்கிவிட்டால் டேப்பட்டையும் (இன்ஜின் வால்வு இடைவெளி) நானே பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஐநூறு கிலோமீட்டர் ஓடியதும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். திரும்ப மாட்டும்போது அரைச் சுற்று கிடையாது, வாஷர் ஏற்கெனவே நசுங்கிவிட்டதே, நிமிட முள் ஐந்து நிமிடம் நகர்கிற தூரம் போதும். கம்பியில் அந்தப் புள்ளியை இன்னும் அழிக்கவில்லை.