ஒரு கிளாஸுக்கு எத்தனை கிலோ பெங்களூரா?

கிளாஸை மூக்குப் பக்கம் கொண்டுபோனதும் ரசம் வாசனை அடித்தது.

கொதிக்கிற ரசம் இல்லை. ரசத்துக்குப் போட அம்மா தனியாவை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டுவாளே, வறுக்காத பச்சைத் தனியா, அப்போது ஒரு வாசனை சமையலறையிலிருந்து கூடம் வரைக்கும் வருமே, அது. நான் நின்றுகொண்டிருந்ததோ பெல்ஜியத்தில், லூவென் நகரத்துக் கால்வாய் ஓரம், பழைய கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டிய சின்ன பீர் ஆலையில். கையில் இருந்தது மாம்பழம் போட்ட கோதுமை பீர். அலுவலகத்தில் ஒருவருக்கு வழியனுப்பு விழா. ஜூன் மாத சனிக்கிழமை, அதிசயமாக வெயில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடிக்கிறவள் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண், பீர் பாட்டிலை ஊரில் பார்த்ததெல்லாம் ஏரிக்கரையில் உடைந்து கிடக்கும்போதுதான். "கண்ணு, கால்ல குத்திடப் போவுது" என்று அம்மா கையைப் பிடித்து இழுப்பாள். என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஆனால் அவருடைய பீர் சாஸ்திரமும் சின்னதுதான். பீர் இரண்டே வகை: கூலிங் இருப்பது, கூலிங் இல்லாதது.

மூன்று வருடத்தில் நான் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன் என்று அம்மாவிடமே பெருமை பேசியிருக்கிறேன். சைக்கிள் ஓட்டுகிறேன். நீலப் பையில் எந்தக் குப்பை போக வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்கே சொல்லித் தருகிறேன். தூறலுக்குக் குடை விரிப்பதை விட்டாயிற்று. அப்படிப்பட்டவள், ஒரு கிளாஸை முகர்ந்துவிட்டு, கவுன்டரில் இருந்தவரிடம் போய், "இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று விசாரணை நடத்துவேன் என்று நானே நினைக்கவில்லை.

"மாம்பழம்" என்றார் அவர்.

"அது இல்லை. இன்னொன்று இருக்கிறது."

அவர் யோசித்தார். "ஆரஞ்சுத் தோல்?"

"அதுவும் இல்லை."

"ஓ, கொரியாண்டர்! அது எப்போதும் இருக்குமே." சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஹூகார்டன் கிராமத்துக்கு அருகில் பிறந்தவர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. அவருக்கு இது போதும், தொடங்கிவிட்டார். அந்த வட்டாரத்துக் கோதுமை பீருக்குக் கொத்தமல்லி விதையும் கசப்பு ஆரஞ்சின் காய்ந்த தோலும் பரம்பரைச் சரக்காம். முளைகட்டாத பச்சைக் கோதுமை ஏறக்குறைய பாதி, முளைகட்டி உலர்த்திய பார்லி, அதாவது மால்ட், பாதி. கோதுமையால்தான் கலங்கலாக இருக்கும், அதனால்தான் வெள்ளை பீர் என்று பெயர். 1950-களில் ஹூகார்டனின் கடைசி ஆலையும் மூடிவிட, அந்த பீரே உலகத்தில் இல்லாமல் போய்விட்டது. சின்ன வயதில் அந்த ஆலையில் கூடமாட வேலை செய்திருந்த பியேர் செலிஸ் என்ற பால்காரர், 1966-ல் நினைவிலிருந்தே அதை மறுபடி காய்ச்சி விற்க ஆரம்பித்தார். 1985-ல் ஆலை தீப்பிடித்து, பெரிய கம்பெனி கைக்குப் போனது தனிக் கதை.

பால்காரர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பால்காரரும் கலப்பதில் கெட்டிக்காரர்தான், ஆனால் தண்ணீரோடு நின்றுவிட்டார்.

"பக்கத்தில் ஜெர்மனியில் இதெல்லாம் நடக்காது" என்றார் மேசைக்காரர். பவேரியாவில் 1516-லேயே பார்லி, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் போடக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். "நாங்கள் எதை வேண்டுமானாலும் போடுவோம்." செர்ரி, ராஸ்பெர்ரி, பீச் என்று விரல் விட்டு எண்ணினார். மாமியார் வீட்டுக் கெடுபிடியைச் சொல்லிப் பிறந்த வீட்டுப் பெருமையை முடிக்கும் பெண்ணின் தொனி அதில் இருந்தது.

சரி, குடித்தேன். நிறம் அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் மாதிரி, அதில் ஒரு சிட்டிகை மஞ்சள். மேலே நுரை, நல்ல டிகிரி காபிக்கு நிற்பது போல. நாக்கில் முதலில் லேசான புளிப்பு. அப்புறம் நார்த்தங்காய்த் தோலைக் கடித்தது போல ஒரு கசப்பு. இனிக்கும் என்று நினைத்திருந்தேன், இனிப்பே இல்லை. விழுங்கி முடித்த பிறகு, மூக்கின் பின்பக்கம் எங்கிருந்தோ மாம்பழம் வந்தது. வந்தது என்றால் தெருமுனையைத் தாண்டிப் போகும் கல்யாண ஊர்வலத்து நாதஸ்வரம் போல.

"இனிப்பை ஈஸ்ட் தின்றுவிடும்" என்றார் கவுன்டர்க்காரர். முதல் நொதிப்பு முடிந்ததும் மாம்பழக் கூழைக் கொட்டுவார்களாம். அதிலிருக்கும் சர்க்கரையையும் ஈஸ்ட் சாராயமாக்கிவிடும். நமக்கு மிஞ்சுவது புளிப்பும் வாசனையும்.

இந்த நாட்டு மாம்பழத்தைப் பற்றி எனக்கு ஏற்கெனவே ஒரு மனத்தாங்கல் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் பெரு, பிரேசில், ஐவரி கோஸ்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கியிருப்பார்கள். கன்னம் சிவந்து, பார்க்கப் புதுப்பெண் மாதிரி இருக்கும். 'சாப்பிடத் தயார்' என்று வேறு எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்து அறுத்தால் நடுவில் சுண்ணாம்பு போல வெள்ளை. வாசனை கிடையாது. வந்த புதிதில் ஒன்றை வாங்கி அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன், ஊரில் வைக்கோலில் வைப்பதை நினைத்து. ஆறு நாள். அது பழுக்கவில்லை, நேராக அழுகிவிட்டது. அதற்குப் பிறகு நான் வாங்குவதில்லை. சக ஊழியர்கள் அதையே சதுரம் சதுரமாக வெட்டி சாலட்டில் போட்டு, "உனக்குப் பிடிக்குமே" என்று என் தட்டில் நாலு துண்டு கூடுதலாக வைப்பார்கள். மறுக்க முடியுமா? கிருஷ்ணகிரிக்காரி என்ற கெளரவத்தை மென்று விழுங்க வேண்டியதுதான்.

அதனால் கேட்டேன். "எந்த ஊர் மாம்பழம்?"

அவர் உள்ளே கூட்டிப் போனார். ஸ்டீல் தொட்டிகள், ஈரத் தரை, தவிட்டு வாசனை. சுவர் ஓரம் காலி அட்டைப் பெட்டிகளை மடித்து வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். 20 கிலோ. 'தோத்தாபுரி மாம்பழக் கூழ். இந்தியாவில் தயாரானது.'

நான் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

தோத்தாபுரி என்று வடக்கே சொல்வார்கள். சென்னைக் கடற்கரையில் கீறி மிளகாய்த்தூள் தடவிக் கொடுக்கும்போது அது கிளிமூக்கு. எங்கள் ஊரில் பெங்களூரா. கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போய், அவர்கள் பெங்களூராப் பழத்தை அறுத்துத் தட்டில் வைத்தால், அந்த வீட்டோடு உங்களுக்கு ஏதோ பகை என்று அர்த்தம். வீட்டுக்குச் செந்தூரா, பீத்தர், பங்கனப்பள்ளி. முக்கியமானவர் வந்தால் இமாம்பசந்த். பெங்களூரா காயாக இருந்தால் உப்பு மிளகாய்க்கு ஆகும், பழுத்தால் ஃபேக்டரிக்கு. ஆனால் தோப்பில் பாதிக்கு மேல் அதுதான் நிற்கும், ஏனென்றால் வருடம் தவறாமல் காய்க்கும், அடிபட்டாலும் தாங்கும், கூழ் ஆலைக்காரர்கள் டன் கணக்கில் கேட்பார்கள்.

பள்ளிக்கூட பஸ் பர்கூர் ரோட்டில் கூழ் ஆலை ஒன்றின் பின்பக்கமாகப் போகும். ஜூன், ஜூலையில் கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் டிராக்டர் வரிசை. டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்குவார்கள். ஆலைக்குப் பின்னால் கொட்டையும் தோலும் மலையாகக் குவிந்து, அதன்மேல் ஒரு மழை பெய்து, மறுநாள் வெயில் அடித்தால் ஒரு வாசனை கிளம்பும். இனிப்பு, புளிப்பு, அழுகல், கொஞ்சம் கள். ஜன்னல் ஓரத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்துக்கொள்வோம். நாலு பேர் வாந்தி வருகிற மாதிரி நடிப்பார்கள், ஒருத்தி நிஜமாகவே எடுத்துவிடுவாள்.

கிளாஸை மறுபடி முகர்ந்தேன். தனியாவைத் தள்ளிவிட்டு, ஆரஞ்சுத் தோலைத் தள்ளிவிட்டு அடியில் தேடினால், இருந்தது. பர்கூர் ரோடு.

அப்போதுதான் கணக்குப் போடும் புத்தி வந்தது. வந்திருக்க வேண்டாம்.

2025 சீசனில் பெங்களூரா விலை விழுந்து கிடந்தது. மாமாவுக்கு மூன்று ஏக்கர் தோப்பு. விழாவுக்கு முந்தின வாரம்தான் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டிருந்தார்: டிராக்டரில் குவிந்த மாங்காய், கீழே 'கிலோ 5 ரூ.' மரமேறிப் பறிக்கிறவர் கூலி, டிராக்டர் வாடகை, ஆலை வாசலில் ராத்திரிக் காவல் எல்லாம் அதற்குள்ளேதான். என் கிளாஸ் 4.50 யூரோ. யூரோ அப்போது நூறு ரூபாயை ஒட்டி நின்றது. ஆக 450 ரூபாய். ஒரு கிளாஸுக்கு 90 கிலோ பெங்களூரா.

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் எஞ்சினியர், இதோடு விடுவாரா? தொட்டிக்கு எவ்வளவு கூழ் என்று விசாரித்தார். 500 லிட்டருக்கு மூன்று பெட்டி. அப்படியானால் 330 மில்லிக்கு 40 கிராம் கூழ். காயில் பாதிதான் கூழாகும் என்று வைத்தால் 80 கிராம் மாங்காய். கிலோ 5 ரூபாய் என்றால், "உன் கிளாஸுக்குள்ள மாமாவோட பங்கு 40 காசு" என்றார். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "வாடகை, சம்பளம், வரி, கப்பல் எல்லாம் இருக்குல்ல" என்று பீர் ஆலைக்காரருக்காகவும் வாதாடினார். இருக்கிறதுதான். கவுன்டர்க்காரர் கையைப் பார்த்தேன், வெந்நீர் பட்டுச் சிவந்து கிடந்தது. அவரும் ஒன்றும் மாளிகையில் இல்லை. ஆனாலும் 40 காசு தொண்டையில் இறங்கவில்லை. 40 காசுக்கு இப்போது நாணயமே கிடையாது.

மேசைக்காரர் வந்து, "எப்படி இருக்கிறது உங்கள் நாட்டுப் பழம்?" என்று கேட்டார்.

"ஊர் வாசனை அடிக்கிறது" என்றேன். அவர் அதைக் கவுன்டர்க்காரரிடம் பாராட்டாக மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் கட்டை விரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். மூக்கைப் பொத்திக்கொண்ட கதையைச் சொல்லும் அளவுக்கு என் டச்சு இன்னும் வளரவில்லை.

மிச்சத்தைக் குடித்து முடித்தேனா என்றால், முடித்தேன். பாதிக்குப் பிறகு பிடிக்கவே ஆரம்பித்துவிட்டது. தலை லேசாகி, கால்வாய்த் தண்ணீரில் வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டு, சந்தூர்த் தோப்பில் கயிற்றுக் கட்டிலில் படுத்து மாவிலைக்கு நடுவே வானம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக இந்த ஊர்க்காரி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போன் போட்டேன். பாதிக் காயைப் பறிக்காமல் மரத்திலேயே விட்டுவிட்டாராம். பறிக்கிற கூலி தேறாது. எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூரில் இதே காய்க்கு ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் சேர்த்துக் கொடுப்பதாக அறிவித்திருந்தது. "நாம இந்தப் பக்கம் பொறந்துட்டோம், என்ன பண்றது" என்று சிரித்தார். மாமா சிரிப்பது எப்போதும் இந்த மாதிரி இடத்தில்தான்.

அப்புறம் பேச்சை மாற்றுவதற்காக, "அங்க மாங்கா கெடைக்குதா பாப்பா?" என்றார்.

"பழமா நல்லாயில்ல மாமா. கூழா வருது. நேத்து குடிச்சேன்."

"ஜூஸா?"

"ம்... ஜூஸ் மாதிரி."

"என்னா வெலை?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. "நம்மூரவிடக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

"பரவால்ல, வாங்கிக் குடி. நம்ம தோப்புதா இருந்தாலும் இருக்கும்" என்றார் மாமா.