விழுந்த இடம் ஒன்று, பிழை இருந்த இடம் வேறு

லினக்ஸில் ஒரு யுஎஸ்பி சென்சாருக்கு டிரைவர், அதாவது அதைக் கணினியோடு பேசவைக்கும் நிரல், எழுதிக்கொண்டிருந்தேன். செருகினால் ஒழுங்காக ஓடும். பிடுங்கினால் கொஞ்ச நேரத்தில் மெஷின் கிராஷ் ஆகி விழுந்துவிடும். ஒரு தடவை ஃபைல் சிஸ்டத்தில், இன்னொரு தடவை நெட்வொர்க் பகுதியில். விழுந்த நேரத்தில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸில் என் டிரைவரின் பெயரே வராது.

முதலில் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலிலிருந்து செய்தி அச்சிடும் பிரிண்ட்கே வரிகளைத் தூவினேன். திரை உறைந்துபோவதால் கடைசி வரிகள் கண்ணில் படவில்லை. சரி என்று வேலையை கியூஎமு என்ற மெய்நிகர் கணினிக்கு மாற்றி, அச்செய்திகள் வரும் சீரியல் கன்சோலை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது. அப்புறம் 1234 போர்ட்டில் ஜிடிபி என்ற டீபக்கரை இணைத்தேன். குறிப்பிட்ட வரியில் ஓட்டத்தை நிறுத்தும் பிரேக்பாயின்ட் வைத்தும் நிற்கவில்லை. கர்னல் ஒவ்வொரு பூட்டிலும் முகவரிகளை இடம் மாற்றிக்கொள்கிறது. பூட் வரியில் அதைத் தடுக்கும் நோகேஏஎஸ்எல்ஆர் சேர்த்த பிறகுதான் நின்றது. அதற்கே அரை நாள் போனது. ஆனால், மெஷின் விழும்போது, பிழை நடந்த நினைவகம் ஏற்கெனவே வேறு யார் கைக்கோ போயிருந்தது. ஜிடிபியில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

கர்னலின் நினைவக ஒதுக்கீட்டைச் சோதிக்கும் ஸ்லப் டீபக்கை இயக்கியதும் வழி தெரிந்தது. விடுவித்த நினைவகத்தை அது 6பி என்ற பைட்டால் நிரப்பி வைக்கும். அடுத்த முறை விழுந்தபோது சீரியல் பதிவில் இருந்த முகவரி: 6பி6பி6பி6பி6பி6பி6பி6பி. விடுவித்த இடத்தை யாரோ இன்னும் தொடுகிறார்கள்!

யார் என்று அறிய, காசான் என்ற நினைவகப் பிழை கண்டுபிடிப்பானைச் சேர்த்து கர்னலை மறுபடி பில்ட் செய்தேன். நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை அது தன் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும், வேகமும் குறையும். ஆனாலும் அந்த அறிக்கைக்கு ஈடே இல்லை. தொட்டது யார், ஒதுக்கியது யார், விடுவித்தது யார் என மூன்று டிரேஸ்களையும் அடுத்தடுத்து வைத்துவிடும். தொட்டது கர்னலின் டைமர் பகுதி. விடுவித்தது, சென்சாரைப் பிடுங்கும்போது ஓடும் என் டிஸ்கனெக்ட் ஃபங்ஷன்.

சென்சாரிடம் 100 மில்லி நொடிக்கு ஒருமுறை அளவு கேட்கும் டைமர், நான் கேஃப்ரீ செய்து விடுவித்த ஸ்ட்ரக்சருக்குள்ளேயே இருந்தது. அதை நான் நிறுத்தவே இல்லை. கேஃப்ரீக்கு மேலே டைமரை நிறுத்தும் டெல்_டைமர்_சிங்க் என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். நூறு தடவைக்கு மேல் பிடுங்கிச் செருகினேன், விழவில்லை.

பிறகு அந்த வரியை வேண்டுமென்றே எடுத்துவிட்டு, கர்னல் கான்ஃபிக்கில் டைமர்களுக்கான டீபக் ஆப்ஜெக்ட்ஸ் சோதனையை, நினைவகம் விடுவிக்கும்போதும் நடக்கும்படி இயக்கிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும் டைமரோடு நினைவகத்தை விடுவிக்கிறாய் என்று, கேஃப்ரீ நடக்கும்போதே எச்சரிக்கை வந்தது. இம்முறை டிரேஸில் என் ஃபங்ஷனின் பெயர் இருந்தது.