ஐபிங்கன் யாத்திரை: புனித ஹில்டெகார்டின் பேழையும் ஆயிரத்துப் பதினொரு சொற்களும்

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள ரூடஸ்ஹைமுக்குப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது, ஊருக்கு மேலே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் துறவு மடம்தான். பெயரும் புனித ஹில்டெகார்ட் மடம். புனிதையின் உடல் எச்சங்களை வைத்த பேழை அங்கேதான் இருக்கும் என்று நேரே மலையேறிவிடுகிறவர்கள் பலர். பேழை அங்கே இல்லை. பாதி வழியில், ஐபிங்கன் என்ற சிற்றூரின் பங்குக் கோயிலில் இருக்கிறது. அந்தக் கோயில் நிற்கும் இடம்தான் ஹில்டெகார்ட் 1165 வாக்கில் ஏற்றுக்கொண்ட பழைய மடம். மேலே தெரியும் மடத்தை 1900-இல் கட்டத் தொடங்கினார்கள், 1904-இல் கன்னியர் அதில் குடியேறினார்கள். ஆகவே முதலில் பங்குக் கோயில், பிறகு மேல் மடம். நிலையத்திலிருந்து பங்குக் கோயிலுக்கு அரை மணி நேரம் ஏற்றம். அங்கிருந்து மடத்துக்கு, தோட்டங்களின் ஊடே இன்னொரு இருபது நிமிடம். வெயில் நேரத்தில் நிழல் குறைவு. தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஹில்டெகார்டைப் பாடல்களுக்காகவும் மூலிகை மருத்துவத்துக்காகவும் தேடி வருகிறவர்கள் அதிகம். மொழிக்காக வருகிறவர்கள் குறைவு. 1098-இல் பிறந்து 1179 செப்டம்பர் 17 அன்று இறந்த இந்த மடத்தலைவி, லிங்குவா இக்னோத்தா, அதாவது 'அறியப்படாத மொழி', என்று ஒன்றை உருவாக்கினார். அதோடு 23 எழுத்துகள் கொண்ட ஒரு வரிவடிவத்தையும். 1158-இல் எழுதத் தொடங்கிய நூல் ஒன்றின் முன்னுரையில் தம் முந்தைய படைப்புகளை வரிசையாகச் சொல்லும்போது இந்த மொழியையும் எழுத்துகளையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். அதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது என்று பொருள். இந்த மொழியில் நமக்குக் கிடைத்திருப்பது 1011 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். அதைக் கையில் வைத்துக்கொண்டு யாத்திரை போவது எப்படி என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

பட்டியல் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். வீஸ்பாடன் நகரில் உள்ள ரைன்மைன் உயர்கல்வி மற்றும் மாநில நூலகத்தில் 'ரீசன்கோடெக்ஸ்' என்ற ராட்சதச் சுவடி ஒன்று உண்டு. 481 தோல் ஏடுகள், 46-க்கு 30 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 15 கிலோ. ஹில்டெகார்டின் படைப்புகளை அவருடைய கடைசிக் காலத்திலும் அவர் இறந்த பின்னும், அவர் நிறுவிய ரூபர்ட்ஸ்பெர்க் மடத்திலேயே தொகுத்து எழுதியது. இதில் 461-ஆம் ஏட்டின் பின்பக்கத்திலிருந்து 464-ஆம் ஏட்டின் பின்பக்கம் வரை சொற்பட்டியலும் எழுத்துகளும் வருகின்றன. இரண்டாவது படி பெர்லினில் இருக்கிறது. அதில் ஜெர்மன் மொழிப் பொருள்விளக்கங்கள் கூடுதல்.

வீஸ்பாடனில் இறங்கிச் சுவடியைத் தரிசிக்கலாம் என்று திட்டமிட வேண்டாம். வழியில் வருகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டும் பொருள் அல்ல அது. ஆனால் முழுச் சுவடியும் படமாக்கப்பட்டு நூலகத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. மேலே சொன்ன ஏடுகளை மட்டும் இறக்கி, ஏ3 தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். ஏ4 போதாது. சொல்லுக்கு மேலே பொடி எழுத்தில் பொருள் எழுதியிருப்பதால், சிறிய தாளில் அது புள்ளி புள்ளியாகிவிடும்.

இந்தச் சுவடி இன்று இருப்பதே பெரிய விஷயம். 1942-இல் போருக்குப் பயந்து இதையும், 'ஸ்கிவியாஸ்' என்ற காட்சி நூலின் வண்ணப்படச் சுவடியையும் டிரெஸ்டன் நகர வங்கிப் பெட்டகத்துக்கு அனுப்பினார்கள். 1945-இல் டிரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்தது. ராட்சதச் சுவடி தப்பி, 1948-இல் மேற்குப் பகுதிக்குத் திரும்பி வந்தது. வண்ணச் சுவடி காணாமல் போனது போனதுதான். நல்லவேளையாக, ஐபிங்கன் கன்னியர் 1927 முதல் 1933 வரை உட்கார்ந்து அதைத் தோலில் வரிக்கு வரி, நிறத்துக்கு நிறம் நகலெடுத்திருந்தார்கள். இன்று நாம் வண்ணத்தில் பார்க்கும் ஸ்கிவியாஸ் காட்சிகள் எல்லாம் அந்த நகலின் புண்ணியம்.

பட்டியலைத் திறந்ததும் முதலில் ஏற்படும் குழப்பம்: சொற்கள் புது எழுத்தில் இல்லை, லத்தீன் எழுத்திலேயே இருக்கின்றன. புது எழுத்துகள் தனியாக, கடைசியில், ஒவ்வொன்றும் எந்த லத்தீன் எழுத்துக்கு ஈடு என்று காட்டும் வரிசையாக மட்டும் வருகின்றன. இரண்டையும் சேர்த்து எழுதிய 'ஹில்டெகார்டின் மந்திரம்' என்று கடைகளில் விற்கும் அட்டைகள் இக்காலத்தவர் செய்தவை. பிரார்த்தனைக்கு வாங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள், பழைய பொருளென்று நம்பி வாங்காதீர்கள்.

வாசிக்க மூன்று குறிப்புகள் போதும். இசட் வரும் இடமெல்லாம் 'ட்ஸ்'. எஸ்-சி-எச் சேர்ந்து வந்தால் 'ஷ'. உயிரெழுத்துக்கு முன் இரட்டை யு வந்தால் 'வ' போல. முதல் சொல் ஐகொன்ட்ஸ், கடவுள். அடுத்தது ஐயெகன்ட்ஸ், வானதூதர். ட்ஸுவென்ட்ஸ் புனிதர், லிவியொன்ட்ஸ் மீட்பர். அவருக்கு அடுத்த வரியிலேயே டியுவெலிட்ஸ், சாத்தான்! பிறகு ஆவி, பிறகு இனிமொய்ஸ், மனிதர். நம் நிகண்டுகளில் தெய்வப்பெயர்த் தொகுதி முதலிலும் மக்கட்பெயர்த் தொகுதி அடுத்தும் வருவதுபோல, இங்கும் அகரவரிசை கிடையாது, படைப்பின் வரிசைதான். முதுவர், இறைவாக்கினர், திருத்தூதர், மறைசாட்சி, கன்னியர், கைம்பெண்கள் என்று இறங்கி, உறவுமுறைகள், உடலுறுப்புகள், நோய்கள், கோயில் பாத்திரங்கள், உலகப் பதவிகள், தொழிலாளர், மாதங்கள், உடைகள், கருவிகள், செடிகள், மரங்கள், பறவைகள் எனப் போய்ப் பூச்சிகளில் முடிகிறது. ஒரு மடத்தின் பூசையறை, தறியறை, சமையலறை, தோட்டம் எல்லாம் இதற்குள் அடக்கம்.

சொல் கட்டும் முறை சில இடங்களில் துலக்கமாகத் தெரியும். பெவெரிட்ஸ் அப்பா, ஹில்ட்ஸ்பெவெரிட்ஸ் மாற்றாந்தகப்பன். மைட்ஸ் அம்மா, ஹில்ட்ஸ்மைட்ஸ் மாற்றாந்தாய். மரப்பெயர்களில் பலவும் '-புட்ஸ்' என்று முடியும்: கிகுன்ட்ஸிபுட்ஸ் அத்தி, க்ருட்ஸிம்புட்ஸ் செர்ரி, க்ளமிட்ஸிபுட்ஸ் புன்னையிலை மரமான லாரல். எல்லா மரத்துக்கும் இது பொருந்தாது. ஆப்பிள் மரம் பொம்ட்ஸியாட்ஸ். விதி தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒரு கதையையும் தெளிவுபடுத்திவிட வேண்டும். மடத்துக் கன்னியர் இந்த மொழியில் ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள் என்று வழிகாட்டிகள் சுவையாகச் சொல்வார்கள். பட்டியலைப் பார்த்தால் அது நடக்கிற காரியமில்லை என்று புரியும். ஏறக்குறைய அத்தனையும் பெயர்ச்சொற்கள். வினைச்சொல் இல்லை, வேற்றுமை உருபு இல்லை. உப்பைக் கொடு என்றுகூடக் கேட்க முடியாது. இதை ஒரு வாக்கியத்துக்குள் வைக்க வேண்டுமென்றால் லத்தீன்தான் தாங்க வேண்டும். அப்படித் தாங்கிய ஒரே பாடல் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

'ஓ ஓர்ட்ஸ்கிஸ் எக்லேசியா' என்று தொடங்கும் முன்மொழி (வழிபாட்டுப் பல்லவி) அது, கோயிலைக் கடவுளுக்கு அர்ப்பணிக்கும் நேர்ந்தளிப்பு விழாவுக்கு உரியது. திருச்சபையை மணமகளாகவும் நகராகவும் விளித்துப் பாடும் சிறு பாடல். லத்தீனுக்கு நடுவே ஐந்தே ஐந்து புதுச் சொற்கள்: ஓர்ட்ஸ்கிஸ் அளவற்றது, கல்தேமியா நறுமணம், லொய்ஃபோலும் மக்களினங்களுடைய, க்ரிட்ஸாந்தா அணிசெய்யப்பட்டது, கோர்ட்ஸ்தா மின்னுவது. இந்த ஐந்தில் பட்டியலில் காணப்படுவது 'லொய்ஃபோல்' ஒன்றுதான், மற்ற நான்கும் அதில் இல்லை. ஆக 1011 என்பது முழு மொழியல்ல, எழுதி வைத்த அளவு. 'லொய்ஃபோலும்' என்பதன் கடைசி 'உம்' லத்தீனின் பன்மை வேற்றுமை உருபு. சொல் அவருடையது, ஒட்டு லத்தீனுடையது.

மேல் மடத்தில் மாலைப் புகழுக்கு உட்கார்ந்தால் இந்தப் பாடல் கேட்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். நேர்ந்தளிப்புப் பாடல் அன்றாடம் வராது. கேட்கப் போவது கிரெகோரியன் மெட்டில் திருப்பாடல்கள். அதுவே போவதற்குப் போதுமான காரணம். மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே உள்ளே அமர்ந்துவிடுங்கள். செபம் நடக்கும்போது படம் எடுக்கக் கூடாது, நடுவில் எழுந்து போவதும் அழகல்ல. ஓர்ட்ஸ்கிஸ் பாடலை ஒலிப்பதிவில் முன்கூட்டியே கேட்டு, வரிகளைத் தமிழெழுத்தில் எழுதி எடுத்துப் போனால், வழிபாடு இல்லாத நேரத்தில் பங்குக் கோயிலில் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்ளலாம். மடத்துக் கடையில் கன்னியர் விளைவிக்கும் திராட்சை மதுவும் டிங்கல் கோதுமைப் பண்டங்களும் கிடைக்கும்.

எழுத்துகளில் தம் பெயரை எழுதிப் பார்க்க ஆசைப்படாதவர் இல்லை. 23 எழுத்துகள் லத்தீனின் பழைய வரிசைக்கு ஒன்றுக்கொன்று. ஜே, வி, டபிள்யூ மூன்றும் கிடையாது. ஜெயா என்றால் ஐ-யில் தொடங்க வேண்டும், விமலா என்றால் யு-வில். நம் குறில் நெடிலும் ல, ள, ழ வேறுபாடும் இதில் தொலைந்துபோகும். இணையத்தில் கிடைக்கும் எழுத்துருக்களை நம்புமுன், 464-ஆம் ஏட்டின் பின்பக்கத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

இந்த மொழி பிறந்த வீடு ஆற்றுக்கு அக்கரையில், பிங்கன் ஊரில் இருக்கிறது. 1150 வாக்கில் ஹில்டெகார்ட் ஏறக்குறைய இருபது கன்னியரோடு வந்து ரூபர்ட்ஸ்பெர்க் மடத்தைத் தொடங்கினார். ஐபிங்கன் மடத்தை ஏற்ற பிறகு வாரம் இருமுறை படகில் இக்கரைக்கு வந்து போனார் என்பார்கள். இன்றும் ரூடஸ்ஹைமுக்கும் பிங்கனுக்கும் படகுதான் வழி, பக்கத்தில் பாலம் இல்லை. கார் ஏற்றும் படகும் ஆட்கள் மட்டும் போகும் படகும் தனித்தனித் துறைகளிலிருந்து கிளம்பும். எந்தத் துறை என்று கேட்டுக்கொண்டு வரிசையில் நில்லுங்கள்.

பிங்கனில் ரயில் நிலையம் இரண்டு. பெரிய நிலையம் நாஹே ஆற்றுக்கு அப்பால் பிங்கர்ப்ரூக் பகுதியில் இருக்கிறது, ரூபர்ட்ஸ்பெர்க்குக்கு அதுதான் பக்கம். ஆற்றோர அருங்காட்சியகத்துக்கும் படகுத்துறைக்கும் 'பிங்கன் ஸ்டாட்' நிலையம். மாற்றி இறங்கினால் வீண் நடை. ரூபர்ட்ஸ்பெர்க்கில் மடத்தைத் தேடாதீர்கள். 1632-இல் சுவீடன் படை அழித்தது, மிச்சமிருந்த இடிபாட்டை 19-ஆம் நூற்றாண்டில் ரயில்பாதைக்காக வெடிவைத்துத் தகர்த்தார்கள். கோயிலின் சில வளைவுகள் மட்டும் பிற்காலக் கட்டடம் ஒன்றுக்குள் எஞ்சியிருக்கின்றன. உள்ளே போக முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். மடம் எப்படி இருந்தது என்று பார்க்க, பிங்கனில் பழைய மின்நிலையக் கட்டடத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அங்கே மாதிரி உருவம் உண்டு. திங்கள்கிழமை விடுமுறை.

ரூபர்ட்ஸ்பெர்க்கில் நின்று நினைக்க வேண்டிய நிகழ்வு 1178-இல் நடந்தது. திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஒருவரை, அவர் இறப்பதற்கு முன்பே திருச்சபையோடு ஒப்புரவாகிவிட்டார் என்று சொல்லி, ஹில்டெகார்ட் மடத்து மண்ணில் அடக்கம் செய்தார். உடலைத் தோண்டி எடுக்கச் சொன்னது மைன்ஸ் மறைமாவட்டத்தின் மூத்த குருமார் குழு. அவர் மறுத்தார், கல்லறை அடையாளத்தைத் தம் கோலாலேயே அழித்தார். மடத்தில் பாடுவதற்குத் தடை விழுந்தது. ஆயுள் முழுக்கப் பாட்டாகவே வாழ்ந்த சபைக்கு இதைவிடக் கொடிய தண்டனை இருக்க முடியாது. தடை நீங்கியது 1179 மார்ச்சில், அவர் இறப்பதற்கு ஆறு மாதம் முன்பு. அவருடைய செயலரான ஃபோல்மார் துறவி, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு மடலில் கவலைப்பட்டிருந்தார்: ஹில்டெகார்ட் போய்விட்டால், கேட்டிராத இன்னிசையின் குரலும் கேட்டிராத மொழியின் குரலும் எங்கே என்று. பாட்டையும் மொழியையும் அவர் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னது கவனிக்கத் தக்கது.

திருவிழா செப்டம்பர் 17, எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றே. காலையில் பெருவிழாத் திருப்பலி, பிற்பகலில் பேழைப் பவனி. 1929-இல் செய்த பொன்முலாம் பேழையில் மண்டையோடு, தலைமுடி, இதயம், நாக்கு ஆகியவை இருக்கின்றன. ஐபிங்கன் தெருக்களில் அதைச் சுமந்து வருவார்கள். ஆகஸ்டில் ஜெர்மனியின் கேவலார் திருத்தலத்தில் மாதாவிடம் கூடும் தமிழர் கூட்டத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சிறிய பவனிதான், பேழைக்கு மிக அருகில் நடக்கலாம். அதே வாரங்களில் திராட்சை அறுவடையும் சுற்றுலாவும் சேர்வதால் ரூடஸ்ஹைமில் அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். வீஸ்பாடனில் தங்கி, ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து வரும் ஆர்பி 10 ரயிலில் காலையில் வந்துவிடுவது எளிது.

நடந்தே வர விரும்புகிறவர்களுக்கு, இடார்-ஓபர்ஸ்டைனிலிருந்து பிங்கன் வரை 137 கிலோமீட்டர் ஹில்டெகார்ட் பாதை 2017-இல் திறக்கப்பட்டது, பத்துக் கட்டங்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால், அவர் 1112 முதல் வாழ்ந்த டிசிபோடன்பெர்க் இடிபாடுகளை மட்டுமாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பிங்கனிலிருந்து நாஹே பள்ளத்தாக்கு ரயிலில் ஸ்டவுடர்ன்ஹைம் இறங்கி, அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். தனியார் அறக்கட்டளையின் இடம், நுழைவுக் கட்டணம் உண்டு. குன்றைச் சுற்றி மரங்கள் அடர்ந்திருக்கும், பட்டியலின் மரப்பகுதியை எடுத்துப் போக ஏற்ற இடம். மழைக்குப் பின் கற்கள் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி அவசியம்.